மந்தாரக்குப்பத்து மொட்டைமாடியில் செம்முகில்

(மந்தாரக்குப்பத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வானியல் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இருட்டைப் புகழ்ந்துதான் தொடங்குவார்கள். மந்தாரக்குப்பத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. நெய்வேலி என்.எல்.சி. நிறுவனத்தின் இரண்டாம் அனல்மின் நிலையத்திலுள்ள ஏழு அலகுகள், மொத்தம் 1,470 மெகாவாட், ஊருக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரங்களுக்கு இரவு ஷிப்டும் உண்டு. அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். விருத்தாசலம் சாலையின் கடை விளக்குகள், டவுன்ஷிப்பின் தெரு விளக்குகள் எல்லாம் சேர்ந்து, காற்றில் மிதக்கும் புழுதியிலும் ஈரப்பதத்திலும் பட்டுச் சிதறி, மேலே வானம் வெளிறிக் கிடக்கிறது. பால்வெளியைப் பார்த்ததில்லை என்று சொல்லும் பிள்ளைகள் இங்கே நிறையவே இருப்பார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

ஆந்திரமேடா போன்ற தொலைதூர அண்டங்களைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த ஊரில் நேர்மையான பதில் ஒன்றுதான்: மூட்டை கட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்கோ, ஜவ்வாது மலைக்கோ போங்கள். வசதி இருந்தால் லடாக்கின் ஹான்லேவுக்குப் போங்கள். 2022 டிசம்பரில் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பகமாகவே அறிவித்துவிட்டார்கள். ஆனால் வானத்தில் ஒரு வகைப் பொருள் மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. நெய்வேலியின் வெளிச்சத்துக்கு நடுவிலும் அதை மொட்டைமாடியிலிருந்தே எடுக்கலாம், முழு நிலவு நாளிலும் எடுக்கலாம். அதுதான் உமிழ் நெபுலா. இந்த உரை முழுவதும் அதைப் பற்றித்தான். அது மட்டும் ஏன் தப்பிக்கிறது என்பது புரிந்துவிட்டால் எந்தக் கேமரா, எந்த ஃபில்டர் என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி பதில் தானாக வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்புவரை தெருவில் மஞ்சளாக எரிந்த சோடியம் வேப்பர் விளக்கு இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். சட்டையின் நிறம்கூடச் சரியாகத் தெரியாத மஞ்சள். சோடியம் ஆவி சூடேறினால் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டித்தான் பெரும்பாலான ஒளியை விடும். வேறு நிறத்துக்கு அதனிடம் வழியில்லை. உமிழ் நெபுலாவும் இதே சாதிதான். விண்வெளியில் மெல்லிய ஹைட்ரஜன் வாயு பரந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய, கொதிக்கும் நட்சத்திரம் பிறக்கிறது. அதன் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறிகின்றன. பிரிந்துபோன எலெக்ட்ரான் திரும்ப ஒரு புரோட்டானோடு சேரும்போது படிப்படியாகக் கீழே இறங்கி வரும். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும் அந்தத் தாவலில் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளி வெளியாகிறது. வானியலாளர்கள் அதை ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்கிறார்கள். ஓரியன் நெபுலாவில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு நட்சத்திரம், நடுவிலுள்ள நான்கு நட்சத்திரக் கூட்டத்தில் மிகப் பிரகாசமானது. அது இருக்கும் தூரம் சுமார் 1,340 ஒளியாண்டு.

அண்டங்களும் சாதாரண நட்சத்திரங்களும் எல்லா நிறத்திலும் ஒளியைப் பரப்புகின்றன. சுரங்கத்து விளக்கும் அப்படித்தான் பரப்புகிறது. ஆகவே இரண்டையும் பிரிக்க முடியாது. உமிழ் நெபுலாவோ தன் ஒளியில் பெரும்பகுதியை நாலைந்து மெல்லிய கோடுகளில் கொண்டுவந்து வைக்கிறது. அந்தக் கோடுகளை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் வெளியே நிறுத்தினால் போதும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு ஜவுளி வியாபாரி. லண்டனில் குடும்ப ஜவுளிக்கடையை விற்றுவிட்டு, வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்துக்கொண்ட வில்லியம் ஹக்கின்ஸ். 1864 ஆகஸ்ட் 29 இரவு டிராகோ மண்டலத்திலுள்ள ஒரு சிறு நெபுலாவை நோக்கி நிறமாலைக் கருவியைத் திருப்பினார். நெபுலாக்கள் எல்லாம் தூரத்து நட்சத்திரக் கூட்டங்களே, பெரிய தொலைநோக்கி கிடைத்தால் தனித்தனியாகப் பிரிந்துவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. அவர் எதிர்பார்த்தது வானவில் போன்ற ஒரு பட்டை. தெரிந்ததோ பச்சை நிறத்தில் தனித்தனியாகச் சில கோடுகள். அங்கே இருப்பது வாயு என்பது அந்தக் கணத்தில் முடிவாகிவிட்டது.

அதில் ஒரு கோடு ஹைட்ரஜனுடையது. மிகப் பிரகாசமான பச்சைக் கோடு மட்டும் பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. "நெபுலியம்" என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்து பெயர் வைத்தார்கள். அந்தக் கோடு மக்னீசியப் பட்டையின் மிச்சம் என்றார் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் லாக்கியர். இந்தச் சண்டையில் இந்தியாவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. புனேயில் பவநகர் மன்னர் தக்தசிங்ஜி கொடுத்த நிதியில் கண்காணிப்பு நிலையம் அமைத்த பேராசிரியர் கே. டி. நேகாம்வாலா, ஓரியன் நெபுலாவின் அந்தக் கோட்டை நிறமாலைக் கருவியில் ஆராய்ந்து 1891-இல் எழுதினார். கோடு கூர்மையாக இருக்கிறது, மக்னீசியம் என்றால் இருக்க வேண்டிய மங்கல் ஓரம் இல்லை என்பது அவர் கண்டது. லாக்கியர் கட்சிக்கு அது சாதகமாக இல்லை. 1912-இல் அந்த நிலையம் மூடப்பட்டு, அதன் கருவிகள் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தன.

புதிரை அவிழ்க்கும் வழி அணு இயற்பியலிலிருந்து வந்தது. இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாகா 1920-இல், வெப்பத்தில் அணுக்கள் எந்த அளவுக்கு எலெக்ட்ரான்களை இழக்கும் என்பதற்குச் சமன்பாடு எழுதினார். அதற்கு ஏழு வருடம் கழித்து அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் நெபுலியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். புதுத் தனிமம் ஏதும் இல்லை. நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனே இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து 500.7 நானோமீட்டரில் ஒளிர்கிறது. கிளர்ச்சியுற்ற அந்த அணு ஒளியை விட அரை நிமிடம் அளவுக்குக் காத்திருக்கும். பூமியின் ஆய்வுக்கூடத்தில் அதற்குள் பக்கத்து அணு வந்து மோதிவிடும், ஒளி வராது. விண்முகிலில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு, சில ஆயிரம் துகள்கள்தான். மோத ஆள் இல்லை. ஆகவே அந்தப் பச்சை தாராளமாக வருகிறது. இன்று கடையில் ஆக்ஸிஜன்-3 ஃபில்டர் என்று கேட்டு வாங்குகிறோமே, அது இந்தக் கோட்டுக்காகச் செய்ததுதான்.

தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். அது சென்னையில் தொடங்குகிறது, ஒரு தலைமை ஆசிரியரிடம்.

1840-இல் மதராஸ் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்தவர் ஐயர் பர்ட்டன் பவல். அந்தப் பள்ளிதான் பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பவல் கல்வித் துறை இயக்குநர் ஆனார். நாளெல்லாம் பாடத்திட்டமும் கோப்பும், இரவில் தொலைநோக்கி. அரசு வானியலாளர் என்று அப்போது மதராஸ் கண்காணிப்பு நிலையத்தில் தனியாக ஆள் இருந்தார். பவல் அந்தப் பதவிக்காரர் இல்லை, அசல் அமெச்சூர். தெற்கு வானத்து இரட்டை நட்சத்திரங்களை வருடக்கணக்கில் அளந்தார். அவர் கண்ணைப் பறித்த இன்னொன்று ஈட்டா ஆர்கஸ் நட்சத்திரமும் அதைச் சுற்றியுள்ள பெரும் நெபுலாவும். இன்று நாம் கரீனா நெபுலா என்கிறோம். 1843-இல் அந்த நட்சத்திரம் திடீரென்று பிரகாசித்து, வானத்தில் சிரியஸுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. பிறகு மங்கத் தொடங்கி, 1860-களில் வெறும் கண்ணுக்குத் தெரிவதே சிரமம் என்ற நிலைக்குப் போனது.

அப்போதுதான் வம்பு முளைத்தது. தாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் இருந்த ஃபிரான்சிஸ் அபட் என்ற அமெச்சூர், நட்சத்திரம் மட்டுமல்ல, நெபுலாவின் வடிவமே மாறிவிட்டது என்று எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருந்தது? சர் ஜான் ஹெர்ஷல் 1830-களில் நன்னம்பிக்கை முனையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை இடம் குறித்து, கையால் வரைந்த ஒரு படம். பவலும் மதராஸிலிருந்து தாம் பார்த்ததை லண்டன் வானியல் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு தொலைநோக்கியும் வேறு; யார் சொல்வதை நம்புவது?

இதில் சுவையான திருப்பம், சர் ஜானின் மகனே இந்தியாவில் இருந்தார் என்பது. லெப்டினன்ட் ஜான் ஹெர்ஷல், நில அளவைத் துறையின் ராணுவப் பொறியாளர். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்காக லண்டன் ராயல் சொசைட்டி அவரிடம் ஐந்து அங்குலத் தொலைநோக்கியும் நிறமாலைக் கருவியும் கொடுத்திருந்தது. கிரகணத்துக்கு ஜம்கண்டி போனார். மற்ற நாட்களில் பெங்களூரிலிருந்து தெற்கு வானத்து நெபுலாக்களை ஒவ்வொன்றாக நிறமாலையில் பார்த்துக் குறித்தார். ஹக்கின்ஸ் இருந்த லண்டனிலிருந்து இந்தத் தெற்கு நெபுலாக்களில் பலவற்றைப் பார்க்கவே முடியாது. கரீனா அங்கே அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. தந்தை வரைந்த அந்தப் பெரும் முகில் வாயுதான் என்பதை மகன் பெங்களூரில் கண்டார்.

சண்டை என்னவோ கையால் வரைந்த படங்கள் இருந்தவரை ஓயவில்லை. அதற்கு மருந்து புகைப்படம்தான். 1880 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்குக்கு வெளியே ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளிகாட்டி எடுத்ததுதான் நெபுலாவின் முதல் புகைப்படம். 1883-இல் லண்டனின் ஈலிங் பகுதியில் ஆண்ட்ரூ காமன் என்பவர் தம் வீட்டு 36 அங்குலப் பிரதிபலிப்பானில் அதையே 37 நிமிடத்தில் எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் தகட்டில் விழுந்திருந்தன. காமனின் தொழில்? கழிவுநீர், சுகாதாரப் பொறியியல். பின்னால் ஆந்திரமேடாவை எடுத்த ஐசக் ராபர்ட்ஸ் கட்டட ஒப்பந்தக்காரர். ஜவுளிக்காரர், டாக்டர், சுகாதாரப் பொறியாளர், கட்டடக்காரர்: நெபுலாப் படக்கலையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். ஷிப்டு முடிந்து வந்து மாடியேறும் என்.எல்.சி. தொழிலாளிக்கு அவர்கள் அந்நியர்கள் அல்ல.

இந்த வரிசையில் தனித்துச் சொல்ல வேண்டியவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். அமெரிக்காவின் நாஷ்வில்லில் தகப்பன் முகம் காணாமல் பிறந்து, ஒன்பது வயதுகூட நிரம்பாமல் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். படத்தைப் பெரிதாக்கச் சூரிய ஒளியைப் பயன்படுத்திய காலம். கேமராவைச் சூரியன் பக்கமே விடாமல் திருப்பிக்கொண்டிருப்பது அந்தப் பையனின் வேலை. பிறகு வால்நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்தார்; ஒவ்வொன்றுக்கும் கிடைத்த 200 டாலர் பரிசில் ஒரு சிறு வீடும் கட்டினார். லிக் கண்காணிப்பு நிலையத்துக்கு வந்தபின், பால்வெளியைப் படமெடுக்க அவர் எடுத்துக்கொண்ட ஆயுதம் பெரிய தொலைநோக்கி அல்ல, ஆட்களை உட்காரவைத்து எடுக்கும் பழைய ஸ்டூடியோ லென்ஸ். ஓரியன் மண்டலத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் பர்னார்ட் வளையம் என்ற பிரம்மாண்ட உமிழ் நெபுலா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவர்கள் கேமராவை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்று பீரோவில் தூங்கும், அல்லது சல்லிசாக விலைக்கு வரும். நெபுலாவுக்கு அது போதும். ஒரே ஒரு குறை: சென்சாருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஃபில்டர், மனிதத் தோல் இயல்பாகத் தெரிவதற்காகச் சிவப்பின் கோடியை வெட்டுகிறது. 656 நானோமீட்டரில் வரும் ஒளியில் சுமார் கால் பங்குதான் உள்ளே போகும். மணப்பெண்ணுக்கு நல்லது, நெபுலாவுக்குத் துரோகம். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு வேறு பொருத்துவதைத்தான் கேமராவை "மாடிஃபை" செய்வது என்கிறார்கள். கேனான் நிறுவனமே 2005-இல் 20டிஏ, 2012-இல் 60டிஏ, 2019-இல் ஈஓஎஸ் ஆர்ஏ என்று வானியலுக்கென்று மாற்றிய கேமராக்களை விற்றது. கழற்றும் வேலையை அனுபவமில்லாதவர் செய்யக் கூடாது. சென்சாரில் ஒரு கீறல் விழுந்தால் அவ்வளவுதான்.

இந்த ஊருக்கே உரிய தொல்லைகளையும் மறைக்க வேண்டாம். முதலாவது வெப்பம். சென்சார் சூடாக இருந்தால் இருட்டிலும் பொய்ப் புள்ளிகளைப் போடும். ஆறு, ஏழு டிகிரி கூடினால் அந்தப் புள்ளிகள் இரட்டிப்பாகும். ஐரோப்பாக்காரர் உறைபனியில் எடுப்பதை நாம் 28 டிகிரியில் எடுக்கிறோம். குளிரூட்டும் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரிக்கு மேல் குறைத்துத் தருகின்றன. அவற்றின் உண்மையான பயன் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்குத்தான். அது இல்லாதவர், லென்ஸை மூடிக்கொண்டு அதே வெப்பத்தில், அதே நேர அளவில் இருபது "டார்க்" படங்களை எடுத்து வைத்துக் கழித்தாக வேண்டும். தவிர்க்க முடியாது. இரண்டாவது பனி. மார்கழி, தை இரவில் மணி பதினொன்றைத் தாண்டினால் லென்ஸ் நனையும். வார் போல் சுற்றும் சிறு ஹீட்டரைப் பவர் பேங்கில் மாட்டிவிட வேண்டும். மூன்றாவது புழுதி. இங்கே திறந்து வைத்த கண்ணாடியில் ஒரே இரவில் மெல்லிய படலம் படியும். துணியால் துடைத்தால் கோடு விழும். காற்றை ஊதி விடுங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் தூசியின் நிழலைப் படத்திலிருந்து நீக்க "ஃபிளாட்" எடுக்கலாம்: விடியும் நேரத்தில், ஃபோகஸை அசைக்காமல், வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் நான்காக மடித்து லென்ஸ் முகத்தில் இழுத்துக் கட்டி, வெளிறிய வானத்தை எடுக்க வேண்டும். தூசி விழுந்த இடம் வட்ட வட்டமாக அந்தப் படத்தில் தெரியும். அதைக் கொண்டு உண்மைப் படத்தை வகுத்தால் வட்டங்கள் மறையும். கரை போட்ட வேட்டி வேண்டாம்.

பூமி சுற்றுகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். 200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிய கேமராவுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஓரியன் பக்கத்து நட்சத்திரம் அரை நொடிக்குள் ஒரு பிக்ஸலைத் தாண்டிப் போய்விடும். ஆகவே வானத்தோடு சேர்ந்து திரும்பும் ஒரு மோட்டார் தாங்கி தேவை. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, தொலைநோக்கியா தாங்கியா என்று கேட்டால், தயங்காமல் தாங்கி. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும், இங்கேதான் நெய்வேலிக்காரர் திணறுகிறார். துருவ நட்சத்திரம் நம் ஊரில் வடக்கே வெறும் பதினொன்றரை டிகிரி உயரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், அடிவானத்துப் புகைமூட்டம், ஏதாவது ஒன்று மறைக்கும். மறைத்தாலும் வழி உண்டு: தெற்கே உச்சியை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அது மேலேயோ கீழேயோ நகர்வதைப் பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்துவது. பழைய முறை, பொறுமை கேட்கும், ஆனால் பிழை விடாது. இப்போதுள்ள மென்பொருள்கள் துருவ நட்சத்திரம் தெரியாமலேயே, எடுத்த படத்தைக் கொண்டு அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடுகின்றன.

இனி ஃபில்டர் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை, ஆக 300 நானோமீட்டர் அகலம். ஹைட்ரஜன் கோட்டைச் சுற்றி 3 நானோமீட்டர் மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டால், எல்லா நிறத்திலும் சிதறி வரும் வெள்ளை வெளிச்சத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நெபுலாவின் சிவப்போ கிட்டத்தட்ட முழுசாக வரும். சந்தைக் கூச்சலில் நாதஸ்வரத்தின் ஒரு சுரத்தை மட்டும் பிரித்துக் கேட்பதற்கு ஒப்பான வித்தை இது. சோடியம் விளக்கு காலத்தில் அந்த மஞ்சளை மட்டும் வெட்டும் சாதாரண ஃபில்டரே உதவியது. தெருவுக்குத் தெரு வெள்ளை எல்.இ.டி. வந்தபின் அது செல்லாக்காசு, எல்.இ.டி. எல்லா நிறத்திலும் ஒளியைக் கொட்டுகிறது. குறுகிய ஃபில்டர் மட்டுமே மிச்சம். வண்ணக் கேமரா வைத்திருப்பவர் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் இரண்டையும் ஒருசேர விடும் இரட்டைப்பட்டை ஃபில்டரை வாங்கிக்கொள்ளலாம்.

இதன் வசதி நிலவு நாளில் தெரியும். பக்கத்து வடலூரில் தைப்பூசத்துக்கு ஜோதி தரிசனம் காண ஜனம் திரளும் இரவு முழு நிலவு. மற்ற வானப் புகைப்படக்காரர்கள் அன்று தூங்குவார்கள். சிவப்புக் கோட்டில் எடுப்பவருக்கு அன்றும் வேலை ஓடும். நிலவிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும் இலக்காகத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆக்ஸிஜனின் பச்சைக்கு மட்டும் நிலவில்லாத நாள் வேண்டும், நிலவொளி அந்தப் பக்கம் அதிகம் சிதறும்.

ஒரே நீண்ட படம் எடுக்கக் கூடாது. மூன்று மூன்று நிமிடமாக நூறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒற்றைப் படத்தைவிட இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். சுரங்கத்துப் பக்கமிருந்து ஒளிக்கீற்று குறுக்கே போனால் அந்த ஒரு படத்தை மட்டும் தூக்கி எறியலாம். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவச மென்பொருள்கள். சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

எதை எடுப்பது? பஞ்சாங்கத்து நட்சத்திரங்களே வழி காட்டும். மிருகசீரிடம் என்று நம்மவர் சொல்லும் நட்சத்திரத்தைச் சுற்றி ஆறு டிகிரிக்கும் மேல் அகலமான ஒரு ஹைட்ரஜன் வட்டம் இருக்கிறது. முழு நிலவைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. 50 மில்லிமீட்டர் லென்ஸும் சிவப்பு ஃபில்டரும் போதும், முழு வட்டமும் படத்தில் விழும். மிருகசீரிடத்தில் பிறந்தவர்கள் இதைத் தங்கள் சொத்தாகவே உரிமை கொண்டாடலாம். கீழே ஓரியனின் வாளில் பெரிய நெபுலா, எம்42. பொங்கலை ஒட்டி இரவு பத்து மணிக்கு அது நம் தலைக்குத் தெற்கே எழுபது டிகிரிக்கு மேல் நிற்கும். அது மட்டும் ஃபில்டர் இல்லாமலும் படியும் அளவுக்குப் பிரகாசம். தொடக்கக்காரருக்குத் தோல்வி தராத இலக்கு. மூலம் நட்சத்திரத்திலிருந்து மூன்று டிகிரிக்குள் பூனைப் பாதம் என்ற நெபுலா. பூராடத்துக்குப் பக்கத்தில் லகூன், மேலே ஓமெகா, கழுகு நெபுலாக்கள். இவையெல்லாம் ஆனி, ஆடியின் முன்னிரவுப் பொருள்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியும் கார்த்திகையும் கதவைச் சாத்திவிடும். தை முதல் பங்குனி வரைதான் இந்த வட்டாரத்தின் உண்மையான வேட்டைக் காலம்.

கழுகு நெபுலா என்றதும் 1995-இல் ஹப்பிள் எடுத்த அந்தத் தூண்கள் எல்லோருக்கும் நினைவு வரும். ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் உருவாக்கிய படம். அதில் கந்தகத்தைச் சிவப்பாகவும், ஹைட்ரஜனைப் பச்சையாகவும், ஆக்ஸிஜனை நீலமாகவும் போட்டார்கள். கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஹைட்ரஜனும் கந்தகமும் இரண்டுமே சிவப்புதான்; அப்படியே போட்டால் எது எங்கே என்று பிரித்தறிய முடியாது. இதைப் பொய் வண்ணம் என்று கேலி செய்கிறவர்கள், நிலத்தடி வரைபடத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகையையும் மணலையும் களிமண்ணையும் வெவ்வேறு வண்ணத்தில் தீட்டுவதையும் பொய் என்பார்களா? எந்த வண்ணம் எதற்கு என்று எழுதிவைத்தால் போதும். வெட்ட வேண்டியது வேறு ஒன்று: கணினி நிரல் தானே கற்பனை செய்து சேர்க்கும் இழைகளும் நுணுக்கங்களும். அவை அழகாக இருக்கும், முகிலில் இருக்காது.

சில வருடங்களாகக் கையடக்கத் தானியங்கித் தொலைநோக்கிகள் வந்திருக்கின்றன. 2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50-க்கு 50 மில்லிமீட்டர் முகம்தான். இரட்டைப்பட்டை ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. கைபேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடிப் போய், தானே அடுக்கித் தருகிறது. பழைய கைகள் சில இதைப் பார்த்து முகம் சுளிக்கின்றன. அந்தச் சுளிப்பில் பெரிய நியாயம் இல்லை. பள்ளி மொட்டைமாடியில் நாற்பது பிள்ளைகள் ஒரே திரையில் லகூன் நெபுலா மெல்ல மெல்ல வளர்வதைப் பார்க்க, துருவ நட்சத்திரம் தேடும் தாங்கியைவிட அதுவே மேல்.

அமெச்சூர் எடுத்த படத்தால் அறிவியலுக்கு என்ன லாபம் என்று கேட்பவருக்கு அண்மைய பதில் ஒன்று. ஆந்திரமேடா அண்டத்தை நூறு வருடத்துக்கு மேலாக உலகமே படமெடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் அருகே ஆக்ஸிஜன்-3 ஒளியில் ஒரு நீண்ட வில் கிடக்கிறது என்று 2023 ஜனவரியில் அறிவித்தவர்கள் மூன்று அமெச்சூர்கள்: மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்டி. தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து கட்டுரையும் வெளியிட்டார்கள். அதற்கு நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒளி சேர்க்க வேண்டியிருந்தது. பெரிய கண்காணிப்பு நிலையம் ஒரே இடத்துக்கு அவ்வளவு நேரம் ஒதுக்காது, மொட்டைமாடிக்காரர் ஒதுக்குவார்.

நமக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. கரீனா நெபுலா நெய்வேலியில் தெற்கே சுமார் பத்தொன்பது டிகிரி உயரம்வரை எழும். பத்து டிகிரிக்கு மேல் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நிற்கும். பங்குனியில் இரவு பத்து மணி வாக்கில் அது உச்சத்தில் இருக்கும். தெற்கு திறந்த மாடி ஒன்று வேண்டும்; வீட்டில் இல்லையென்றால் பரங்கிப்பேட்டைக் கடற்கரை இருக்கவே இருக்கிறது. முழு நிலவைப்போல் நான்கு மடங்கு அகலம் என்பதால் 200 மில்லிமீட்டர் லென்ஸில் தாராளமாக அடங்கும். நடுவிலுள்ள ஈட்டா நட்சத்திரம், பவல் பார்த்தபோது மங்கிக்கொண்டிருந்தது. 1940-களிலிருந்து மறுபடி ஏறி, இப்போது நான்காம் பிரகாசத்தை ஒட்டி, வெறும் கண்ணுக்கே எட்டும் நிலையில் இருக்கிறது. அதை எடுக்கும்போது ஃபில்டர் போட்ட படத்தோடு, ஃபில்டர் இல்லாமல் சில நொடிப் படங்களையும் சேர்த்து எடுங்கள். நட்சத்திரத்தின் பிரகாசத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட அவைதான் உதவும். கோப்பின் பெயரிலேயே தேதி, நேரம், ஒளிகாட்டிய நொடி, ஃபில்டர், லென்ஸ் ஐந்தையும் எழுதுங்கள். அடுக்கி முடித்த அழகுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அபட் சொன்னது சரியா என்று அன்றைக்குத் தீர்த்துவைக்க அப்படிப்பட்ட ஒரே ஒரு கோப்பு போதுமாக இருந்திருக்கும். பவலிடம் அது இல்லை, இந்த மாடியில் இருக்கலாம்.